தங்கத் தவளை

தவளை மிதுஷாவின் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. முழுக்கத் தங்கம்.

நிஜமான தங்கமா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

துஷாந்த் குனிந்து அட்டையைப் படித்தான். கொலம்பஸ் அந்தப் பக்கம் போவதற்கு அறுநூறு வருடங்களுக்கு முன்பு, தென்னமெரிக்காவில் யாரோ செய்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினான்.

சிட்னியின் மேற்கே, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்தச் சிறிய அருங்காட்சியகம். இரண்டே அறைகள். சனிக்கிழமை காலையில் அவர்களைத் தவிர நீல ஜாக்கெட் போட்ட ஒரு பெண் மட்டும்தான் இருந்தாள். மூன்று எட்டுத் தள்ளி நின்றாள். இவர்கள் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். கையில் ஒரு நோட்டுப்புத்தகம்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று துஷாந்த் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூக்கணி. அதன் அட்டையைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது மிதுஷாவைக் காணவில்லை.

பெட்டிகளுக்குப் பின்னால் இல்லை. படிக்கட்டுப் பக்கமும் இல்லை.

அவள் பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் எல்லாம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது அறைக்கு நடந்தான். ஓடவில்லை.

மூலையில் இருந்த அவசர வழிக் கதவின் கம்பியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள் மிதுஷா. ஒரு தள்ளுத் தள்ளினால் வெளியே செங்குத்தான இரும்புப் படி.

பிடித்து இழுக்கக் கை பரபரத்தது. துஷாந்த் தரையில் முழங்காலிட்டான்.

“பிள்ளை, அந்தக் கதவு வேண்டாம். இஞ்ச வாங்கோ.”

அவள் கைகளை எடுத்தாள். பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு, நேரம் முடிந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். அவள் அருங்காட்சியகத்து ஆள் இல்லை. துஷாந்தைக் கண்காணிக்கக் கோர்ட் உத்தரவுப்படி கூட வந்தவள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை, அவன் வீட்டில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் பொலிஸைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு இன்றுதான் முதல் சந்திப்பு. இரண்டு மணி நேரம்.

கீழே காருக்குள் மிதுஷாவின் அம்மா காத்திருந்தாள்.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இரண்டு படி இறங்கிய மிதுஷா, நின்று திரும்பினாள். வீட்டில் நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்துத்தான் வளர்த்திருக்கிறார்கள்.

“தாங்க்யூ, அங்கிள்.”

“ஓம் பிள்ளை. கவனமாப் போயிட்டு வாங்கோ,” என்றான் அவளுடைய அப்பா.