அழாத பிள்ளை

பிரசவ அறை அலமாரியில் இருந்த ரப்பர் பொம்மைக்குத் தலைக்கனம் தாங்கவில்லை. புது டாக்டர்கள் செயற்கை மூச்சுக்கான குழாயைச் செருகிப் பழகுவது அதன் வாயில்தான். குழாய் தப்பித்தவறி இரைப்பைக்குள் போனாலும் முனகாது.

ஒருநாள், பிறந்த குழந்தை ஒன்று மூச்சில்லாமல் நீலம் பாரித்துக் கிடந்தது. டாக்டர் குழாயோடு ஓடினார்; குழந்தையின் வாய் எச்சிலில் கை வழுக்கியது.

"அசையாமக் கிடக்குது பாரு, என்னை மாதிரியே தங்கமான பிள்ளை!" என்று மெச்சியது பொம்மை.

"வாயை மூடுடி! அசைஞ்சாத்தான் அது பிழைக்கும்," என்றது குழாய்.

தட்டுத்தடுமாறிக் குழாய் உள்ளே போய்க் காற்றைக் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தை காலை உதைத்தது, குழாயை இருமித் தள்ளியது, வீறிட்டு அழுதது. பெற்றவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பொம்மைக்குத்தான் பொறுக்கவில்லை.

"பொறந்ததும் பொறக்காததுமா என்னா அடம்! வளர்ப்பு சரியில்லை," என்றது.