வலப்பக்கத்துப் பானைகள்

சூளைக்குத் தீ வைத்து அன்று மூன்றாம் நாள் காலை.

"எவ பானை நல்லா வேகுதோ, அதுதான் பேத்தியோட வில்வக்காய்க் கல்யாணத்துக்கு" என்று மாமியார் சொல்லியிருந்தாள். வயதுக்கு வருமுன் சிறுமியை வில்வக்காய்க்கு மணம் முடித்து வைக்கும் சடங்கு அது; பெண் அஷ்டமாயாவின் மகள். ஆனாலும் பேர் வாங்குவது எப்போதும் ஓரகத்தி தில்ஷோவாதான்.

ஆள் இல்லாத நேரம் பார்த்து, தில்ஷோவா பானை அடுக்கிய வலப்பக்கத்தில் சூளையை மூடியிருந்த சாம்பலை அஷ்டமாயா குச்சியால் கிளறிவிட்டாள். உள்ளே குளிர்காற்று புகுந்தால் போதும், பானைகள் விரிசல் விட்டுவிடும்.

ஐந்தாம் நாள் சூளையைப் பிரித்தார்கள். வலப்பக்கம் முழுக்க விரிசல்.

"என்னடி, உன் கைராசி எங்க போச்சு?" என்றாள் அஷ்டமாயா.

தில்ஷோவா ஒரு பானையைக் கவிழ்த்தாள். அடியில், அஷ்டமாயா தன் பானைகளில் பதிக்கும் கட்டைவிரல் அடையாளம்.

"வலப்பக்கம் சூடு நல்லா நிக்கும்னு உங்க பானையை நாந்தான் அங்க மாத்தி வெச்சேன்க்கா. பொண்ணைப் பெத்தவங்க பானைதானே பூஜையில நிக்கணும்? இப்ப என்னோடதை எடுத்துக்கறீங்களா?"