பாலத்தின் நடுவில்

வாழ்த்துகள் என்றது திரை.

கிண்டியில் ரயிலை விட்டுக் கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. மடியில் கைப்பை. அதன் மேல் அந்தக் கையளவு விளையாட்டுக் கருவி.

மார்ச் முழுக்க அவள் அதைத் தொடவில்லை.

வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. கிளை மேலாளருக்கு மார்ச்சில் சாப்பிடவே நேரம் இருக்காது. ஆட்டத்துக்கு ஏது?

அதற்குத்தான் புது வசதி வந்திருந்தது. 'நேரமில்லையா? உங்களைப் போலவே நான் ஆடி வைக்கிறேன்.' ஒரு பொத்தான்தான்.

நேரமில்லாத மனிதருக்கு விளையாட்டு எதற்கு என்று அதைச் செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. வாங்கியவர்களும் யோசிக்கவில்லை. எதிர் இருக்கைப் பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மடியிலும் இதே கருவி. அது பாட்டுக்கு ஆடி, ஜெயித்துக்கொண்டிருந்தது.

மார்ச்சில் இவளும் அப்படித்தான் பொத்தானை அழுத்திவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

தம்பியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

தம்பி நன்மாறன் புனேயில் இருந்தான். இருவருக்கும் சேர்த்து ஒரே ஆட்டம். அதில் அவள் நீலச் சால்வை போர்த்திய பெண். அவன் குடை பிடித்த ஆள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சென்னையிலும் அவன் புனேயிலும் இருந்தபடி, ஆறு, மலை, காடு என்று சேர்ந்து நடப்பார்கள்.

பேச்சு கிடையாது. அவர்கள் வீட்டில் யாருக்கும் மனசில் இருப்பதைச் சொல்ல வராது. போனில் பேசினால் வெயில், மழை, சாப்பிட்டாயா. அதோடு சரி.

ஆனால் ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மனசு சரியில்லாதவர் நடப்பதை நிறுத்திவிடுவார். மற்றவர் வந்து பக்கத்தில் நிற்பார்.

ஏன் என்று கேட்பதில்லை.

அவளுக்குக் கரு கலைந்த வாரம், குடைக்காரன் ஒரு சாப்பாட்டு இடைவேளை முழுக்க அவள் பக்கத்தில் நின்றான். அன்று அவன் சாப்பிட்டிருக்க மாட்டான். யார் யாரோ வந்து ஆறுதல் சொன்னார்கள். அவளுக்கு இன்றும் நினைவிருப்பது அந்தக் குடைதான்.

இந்த மார்ச்சில் அவன் வீட்டில் ஏதோ சரியில்லை. மனைவி மஞ்சரி பொங்கலுக்கு ஈரோட்டுக்குப் பிறந்தகம் போனவள், திரும்பவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். கணக்கு முடியட்டும், நிதானமாகக் கேட்போம் என்று இருந்துவிட்டாள்.

இப்போது ஏப்ரல். தான் இல்லாத நாட்களின் பதிவை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

நன்றாகவே ஆடியிருந்தது. அவளைப் போலவே, பள்ளத்தைத் தாண்டுமுன் ஓரடி பின்வாங்கியது. அவளைப் போலவே, தேவையில்லாத பூவையெல்லாம் பறித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு ஒரு மரப்பாலம்.

நடுவில் குடைக்காரன் நின்றான்.

நீலச் சால்வை அவனைத் தாண்டிப் போனது. அக்கரையில் பூப் பறித்தது. மேடேறியது.

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

மறுநாளும் அங்கேயே நின்றான். இந்தமுறை நீலச் சால்வை திரும்பி வந்தது. அவன் காலடியில் கிடந்த ஒரு காசை எடுத்துக்கொண்டு மறுபடி போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் குடை மெல்ல நகர்ந்தது.

இத்தனையும் கற்றுக்கொண்ட சனியன் இதை மட்டும் ஏன் கற்கவில்லை? செட்டிங்ஸில் துழாவினாள். பொடி எழுத்தில் இருந்தது: நகராமல் இருக்கும் நேரம் ஆட்டமாகக் கொள்ளப்படாது.

அவனோடு அவள் நின்றதையெல்லாம் அது கழித்துவிட்டிருந்தது.

மாம்பலத்தில் ரயில் நின்றபோது அவனுக்கு போன் போட்டாள்.

"சொல்லுக்கா. என்ன, காலையிலேயே?"

"சும்மாதான்டா. சாப்ட்டியா?"

"ஆச்சு."

அதோடு சரி என்று வழக்கம்போல் வைத்திருக்கலாம். அவள் வைக்கவில்லை.

"மஞ்சரி எப்படி இருக்கா?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"நேத்து கனடா போய்ட்டாக்கா. அவ அண்ணன்கிட்ட. விவாகரத்து மனுவுல நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை…"

"உன்கிட்டதானே கேட்டேன். ஈரோடு போய்க் கூட்டிட்டு வரலாமா, வேணாமான்னு. ரெண்டு நாள் அந்தப் பாலத்துல நின்னேன்ல."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ என்னை விட்டுட்டு ஒரு நாளும் போனதில்ல. அந்த ரெண்டு நாளும் பக்கத்துல நிக்காம போன. அக்காவே நிக்கலைன்னா இதுல நிக்க ஒண்ணுமில்ல, நடன்னு நீ சொல்றதா எடுத்துக்கிட்டேன். கோவமெல்லாம் இல்லக்கா. நீ யோசிக்காமச் செய்ய மாட்ட."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் நிம்மதியாக இருப்பான். அவளும் ஒருவேளை நிம்மதியாக இருப்பாள்.

"அது நான் இல்லடா," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மார்ச்சைச் சொன்னாள். பொத்தானைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அன்று அது தனக்கு எவ்வளவு சின்ன விஷயமாகத் தெரிந்தது என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

அவன் லைனில்தான் இருக்கிறானா என்று ஒருமுறை திரையைப் பார்த்தாள். இருந்தான்.

"அப்ப நான் யாருகிட்டக்கா கேட்டேன்?"