இல்லை என்றால் ஆமாம்

"அக்கா, நம்ம விலாசம் போன்ல தெரியுது!"

இல்லத்துக்குப் புதிதாக வந்தவள் அலுவலக அறைக்குள் ஓடிவந்து போனை நீட்டினாள்.

டைப்பிஸ்ட் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். வீட்டில் அடிபட்டு ஓடிவந்த பெண்களை ஒளித்து வைத்திருக்கும் இல்லம் அது. வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. உதவி வேண்டுகிறவர்கள் போனில் கூப்பிடட்டும் என்றுதான் அவள் அந்த இணையதளத்தைத் தட்டுத்தடுமாறிக் கட்டி, இன்று காலை திறந்துவிட்டிருந்தாள். இப்போது அதன் முதல் பக்கத்திலேயே தெருப்பெயர், கதவு எண், வரைபடம், அதில் சிவப்பாக ஒரு புள்ளி.

"நான் 'இல்லை'ன்னுதான் போட்டேன். திரும்பத் திரும்பப் பார்த்தேனே!"

செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தாள். தளம் எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் வரிவரியாக அதில்தான் இருக்கும். 'விலாசம் காட்டு = இல்லை'. அவள் எழுதியபடியேதான் இருந்தது.

சத்தம் கேட்டு இல்லத்தை நடத்தும் பெரியக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "இல்லைன்னு கொட்டை எழுத்துல இருக்கு. அப்புறம் ஏன் காட்டுது? இதுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராதா?"

"இருங்க பெரியக்கா, பார்க்கிறேன்."

அந்த ஃபைலைப் படிக்கும் புரோகிராமை மேலிருந்து கீழாகத் துழாவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. முகம் வெளுத்தது.

"ஐயோ, என்ன எழுதியிருக்குன்னு இது பார்க்கவே இல்ல. ஏதாவது எழுதியிருக்கான்னு மட்டும்தான் பார்க்குது. எதை எழுதினாலும் அதுக்கு ஆமாம்தான். மறைக்கணும்னா அந்த இடத்துல ஒண்ணுமே எழுதாம விட்டிருக்கணும்."

"எங்க வீட்டுக்காரரேதான்," என்றாள் புதிதாக வந்தவள். "நான் வேணாம்னு கதறினாலும் அவர் காதுல சரின்னுதான் விழும்."

டைப்பிஸ்ட் 'இல்லை'யை அழித்தாள். தளம் மறுபடி கிளம்பும்போதுதான் ஃபைலைப் படிக்கும் என்பதால் அதை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டாள். திரையில் வட்டம் சுற்றியது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கம் வந்தது. விலாசம் போயிருந்தது.

"அப்பாடா!" என்றாள் பெரியக்கா.

"காலையிலேர்ந்து யார் யார் பார்த்தாங்களோ? எங்க போய் ஒளிஞ்சாலும் தேடிவந்து கொன்னுடுவேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார்க்கா."

டைப்பிஸ்ட் வாயைத் திறப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

பெரியக்கா உதட்டில் விரலை வைத்து, அடிமேல் அடிவைத்து முன்னால் போனாள். மற்ற இருவரும் பின்னால். கதவில் பதித்த கண்ணாடித் துளை வழியாகப் பார்த்த புதிதாக வந்தவள், சட்டென்று பெரியக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என் மாமியார்! எங்க வீட்டுக்காரர் என்னை அடிக்கும்போதெல்லாம் வெளியில சத்தம் கேட்காம ஜன்னலைச் சாத்துறவங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டு தெருக்கோடியையே பார்க்கிறாங்க. அவர் வண்டியை நிறுத்திட்டு வர்றார் போல. திறக்காதீங்க பெரியக்கா, உங்க காலைப் பிடிக்கிறேன்!"

மணி மறுபடி அடித்தது. அதைத் தொடர்ந்து கதவைத் தட்டும் சத்தம், படபடவென்று.

"தட்டித் தட்டித் தெருவையே கூட்டிடுவாங்க. நான் பேசி அனுப்பறேன்," என்று பெரியக்கா சங்கிலியை மாட்டியபடி கதவை ஒரு விரல்கடை திறந்தாள். "யார் வேணும்?"

அந்த அம்மாள் திரும்பினாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது, கீழுதடு கிழிந்திருந்தது. பேச வாயெடுத்தவள், இடுக்கு வழியாக மருமகளைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள்.

"நீயும் இங்கதானா?" என்று தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கைகூப்பினாள். "நான் இங்க வந்திருக்கேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதேம்மா!"