பறையோடுதான் பாடுவேன்

"உம்ம பாட்டு இனி இந்தத் தெருவுல கேக்கக் கூடாது, பாஸ்டர்!"

வெள்ளை வேட்டியில் வந்த ஐந்து பேரும் வாசலை மறித்து நின்றார்கள்.

பனியன் கம்பெனி வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தவர் பாஸ்டர் ஏசுவடியான். அவர் பாடிய கேசட் ஓடாத தையல் கம்பெனி திருப்பூரில் இல்லை. அந்தத் திமிர் அவர் குரலிலும் இருந்தது.

"கேட்டா என்ன?"

"சாவுக்கு அடிக்கிற பறையை அடிச்சுக்கிட்டு சாமி பாட்டா? நாளைக்கு எங்க பண்டிகை. அந்தச் சத்தம் எங்க காதுல விழக் கூடாது."

"அது எங்கப்பன் அடிச்ச பறை. அடிச்சுத்தான் பாடுவேன்."

"உமக்கு எவன் மைக் செட் குடுக்கான்னு பாத்துருவோம்!" என்று கறுவிக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம், சைக்கிளில் இரண்டு ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார் கருப்புசாமி.

"மாரியம்மன் கோயில் செட்டுங்க. பூசாரி குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. பறையடிக்க எங்க கோயில் ஆளுகளும் வர்றாங்க. ஸ்பீக்கர எங்கீங்க கட்டறது?"

ஏசுவடியான் தெருமுனையைக் காட்டினார்.

"அந்தச் சர்ச் வாசலுக்கு நேராக் கட்டுங்க. காலையில வந்து மிரட்டின அஞ்சு பேரும் அங்கதான் மூப்பருங்க. கிறிஸ்துமஸ் அவங்களுக்கு மட்டுமா? எனக்குந்தான்!"