கடைசிப் பதில்

உப்பளத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே பதிவுதான். காலையில் வாசல் இயந்திரம் ஒவ்வொருவரிடமும், "வலி இருக்கிறதா?" என்று கேட்கும். கடைசியாக வரும் பதில்தான் இருவருக்கும் நிற்கும். வலி என்றால் இருவருக்கும் அன்று வேலை கிடையாது.

தினமும் பின்னால் வந்து "இல்லை" என்பான் ஆதிலிங்கம். சந்தனமாரி சொன்ன முழங்கால் வலி அதோடு அழிந்துவிடும். இன்று அவன் முந்திக்கொண்டு போனான்.

வீட்டில் அரிசி இல்லாதது அவளுக்கு நினைவு வந்தது. "இல்லை" என்றாள்.

உள்ளே அவன் தலையில் அடித்துக்கொண்டான். "எனக்கு இடுப்பு ஒடியுது. நீ வலிக்குன்னு சொல்லுவன்னுதானட்டி ஒன்னயப் பின்னால விட்டேன்!"

"அத வீட்டுல சொல்ல ஒமக்கு வாயில்லையா?"

அவனுடைய ஓலைப்பெட்டியில் அள்ளியிருந்த உப்பில் பாதியைத் தன் பெட்டியில் கொட்டிக்கொண்டு, சந்தனமாரி நொண்டியபடி நடந்தாள்.