மாதையன் விற்ற எருமை

1938இல் மாதையனின் மனைவி கோவிந்தம்மாள் பிரசவத்தில் இறந்துபோனாள். அவளுக்குத் தாய்வீட்டில் கொடுத்த எருமையின் பாலைக் குடித்துத்தான் குழந்தை வளர்ந்தது. களத்து வேப்பமரத்தில் தூளி தொங்கியது. எருமை மாதையனைத் தவிர வேறு யாரையும் தூளியின் பக்கத்தில் விடவில்லை.

இரண்டாவதாகக் கட்டிவந்த தீர்த்தம்மாள், அழுத குழந்தையைத் தூக்கப் போனாள். எருமை முட்டியதில் அவள் கை ஒடிந்தது.

"இது மாடில்லீங்க, பேயி. இது இருந்தா நான் எங்க ஆத்தா வூட்டுக்கே போயிடறேன்," என்றாள்.

மாதையன் அதைப் பாப்பாரப்பட்டிச் சந்தையில் விற்றான். மறுநாள் அது தூளியருகே வந்து நின்றது. அடுத்த முறை கசாப்புக்காரனிடம் விற்று, அறுத்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான்.

குழந்தை பசும்பாலையும் ஆட்டுப்பாலையும் துப்பியது. நாள் முழுக்க அழுதது. மறுநாள் மதியம் அழுகை சட்டென்று நின்றது. தீர்த்தம்மாள் பதறி ஓடினாள். குழந்தை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டில் வெதுவெதுப்பாகப் பால்நுரை. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"எருமைப் பாலுங்க," என்றாள்.

மாதையன் தூளியை அவிழ்க்கப் போனான். "உள்ள கொண்டுபோயிக் கட்டிடறேன்."

"வேணாங்க. இங்கியே இருக்கட்டும். பசி ஆறுதில்ல?"

சாயங்காலம் அவள் கழனித்தண்ணீரில் புண்ணாக்கைக் கரைத்து, ஒரு கையாலேயே தூக்கிவந்து தூளிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கொம்புக்கு எட்டாத தூரத்தில் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.